மத்தூரில் நிற்கிற பஸ்

கீபோர்டு முழுக்கத் தூசி. ஆனால் 'E' எழுத்துப் பட்டன் மேல் இருந்த பொட்டு மட்டும் புதிதாக இருந்தது.

இன்று காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான், அப்பா. அந்தப் பட்டனை அமுக்கினால்தான் கேமில் உன் பஸ் ஸ்டார்ட் ஆகும். கண்ணாடி போடாமல் உனக்கு எழுத்து தெரியாது, கண்ணாடி போடவும் மாட்டாய். அதனால் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் ஒன்றை உரித்து அதன்மேல் ஒட்டி வைத்திருந்தாய். உன் விரல் பட்டுப் பட்டு அது வெளுத்து ஓரம் சுருண்டுவிட்டது. இன்று பார்த்த பொட்டு சிவப்பாக, பளபளவென்று இருந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அம்மா பொட்டு வைத்துக்கொள்வதை அன்றோடு விட்டுவிட்டாள்.

நாளைக்கு சிங்காரப்பேட்டையிலிருந்து மாமா வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போவதாக இருந்தது. அவர் மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். நான் ப்ளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன், எனக்கு அது எதற்கு என்று அம்மாதான் முடிவு செய்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதற்குத்தான் ஏதாவது சொல்லியிருக்கிறேன்.

"அந்த பஸ்ஸ மட்டும் எடுத்துருடி. மத்தது இருந்தா இருக்கட்டும்" என்றாள்.

"ஏம்மா?"

"இன்னொருத்தர் வூட்டுக்குப் போவுதில்ல. எடுத்துரு."

"அழிச்சா திரும்ப வராதும்மா."

"அழிச்சா எங்க போவும்?"

"எங்கயும் போவாது. இல்லாம போயிரும்."

அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

பகல் முழுக்கக் கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டிலும் பஸ் ஓட்டிய ஆள் நீ. பர்கூரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மத்தூர் வழியாகப் போச்சம்பள்ளி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இறக்கி விடுவது உன் வேலை. வீட்டுக்கு வந்தால் கேமிலும் அதே ரூட்டுதான். அது ஏதோ வெளிநாட்டு ஊர். ஆனால் அங்கே இருந்த சர்ச்சுக்கு நீ பர்கூர் என்று பெயர் வைத்தாய். பெட்ரோல் பங்க் மத்தூர். ரோடு முடிகிற இடம் போச்சம்பள்ளி. அந்த ஊரில் எல்லாரும் வலது பக்கம் ஓட்டுவார்கள், நீ இடது பக்கமே போவாய்.

"ஊரே எதிர்ல வருது பாப்பா. ஒருத்தனுக்கும் ரூல்ஸ் தெரியல" என்பாய். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் யாராவது குறுக்கே வந்தால், "ஜரகண்டி, ஜரகண்டி" என்று பர்கூர் தெலுங்குக்காரர்களிடம் தள்ளிப் போகச் சொல்கிற மாதிரியே சொல்வாய்.

"ரோட்ல ஓட்டுனது பத்தலயா உங்களுக்கு?" என்று அம்மா தினமும் கேட்பாள். ஆனால் வாசலில் உன் பைக் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டரைப் போட்டு, பஸ் படத்தை இரண்டு தட்டு தட்டித் திறந்து வைப்பதும் அவள்தான். நீ கால் கழுவி வருவதற்குள் அது தயாராக இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, மவுஸுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் பார்த்தாய். பழம் உருண்டு ஓடிவிட்டது. அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கேமை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் படம் திரையிலிருந்து போய்விட்டது. வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று டாக்குமெண்ட்ஸைத் திறந்தேன். கேமின் பெயரில் ஒரு ஃபோல்டர் அப்படியே இருந்தது. கேமை எடுத்தாலும் அதில் ஓட்டியவருடைய கணக்கு போகாது போலிருக்கிறது. ஒவ்வொரு முறை பஸ்ஸை நிறுத்தி வெளியே வரும்போதும் தானாகவே ஒரு ஃபைல் விழுந்திருந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தன. அதையும் அழிக்க எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். அப்போதுதான் தேதியைப் பார்த்தேன்.

கடைசி ஃபைல் போன மாதத்துத் தேதி.

கம்ப்யூட்டரில் கடிகாரம் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். செல்போனோடு வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு கணம் நீதான் என்று நினைத்தேன். சிரிக்காதே. எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன்.

மறுபடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீ போன பிறகு ஒரு வருடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் திடீரென்று ஆரம்பிக்கிறது, நான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில். எல்லாமே காலை பதினொரு மணி வாக்கில். ஒரு வாரம் இருக்கிறது, அடுத்த வாரம் இல்லை. மறுபடி இருக்கிறது, மறுபடி இல்லை. எனக்கும் ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் நான் மதியம் வரை வீட்டில் இருப்பேன். அந்த வாரங்களில் ஃபைல் இல்லை. இருப்பதெல்லாம் நான் காலையிலேயே கிளம்பிவிடுகிற ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரங்களில்தான். மாங்காய் சீசனில் ஒன்றுகூட இல்லை. அப்போது அம்மா கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவாள்.

போன வாரம்கூட, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று மாமா போனில் கேட்டதற்கு, "அவரு போனதுக்கப்புறம் அத யாருண்ணா தொட்டா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டத் தெரியாதவள் எதை ஓட்டினாள்? எனக்குத் தெரியாமல் ஏன்? இவ்வளவும் செய்துவிட்டு, எடுத்துவிடு என்று ஏன் என்னிடமே சொன்னாள்? கேட்டால் கோபப்படுவாளா, அழுவாளா, அதுவும் தெரியவில்லை. நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன். ஆனால் நீ இருந்தால் இது எதுவுமே இல்லை.

கேம் ஏற்றுகிற பென்டிரைவ், உன் லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலேயே இருந்தது. எடுத்து மறுபடி ஏற்றினேன். பழைய ஃபோல்டரை அது தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. கடைசி ஃபைலைத் திறந்தேன்.

பஸ் மத்தூரில் நின்றது. முன் சக்கரம் ஒன்று பெட்ரோல் பங்க் மேடையில் ஏறி, வண்டி சாய்ந்திருந்தது. எனக்கு அது தெரியும். உனக்கு நெஞ்சு வலி வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நீ அப்படி ஏற்றி நிறுத்தினாய். "நாளைக்கு எறக்கிக்கலாம்" என்று எழுந்து போனாய். அதற்கு முந்தைய ஃபைலைத் திறந்தேன். அதற்கும் முந்தையதை. அம்மா உட்கார்ந்த அத்தனை முறையிலும் பஸ் அதே இடத்தில், அதே சாய்வில் நின்றது. ஒரு அடி நகரவில்லை.

பொட்டு வைத்த பட்டனை அமுக்கினேன். இன்ஜின் உறுமியது. அப்போது நீ அடிக்கடி சொல்வது காதில் விழுந்தது. கொரோனாவில் கம்பெனி மூடியிருந்தபோது, வாரம் தவறாமல் ஷெட்டுக்குப் போய் வருவாய். ஓடாத வண்டிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று அம்மா திட்டுவாள். "வண்டிய சும்மா நிக்க வுட்டா பேட்டரி எறங்கிரும். அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வுடணும்" என்பாய்.

கேம் பஸ்ஸுக்குப் பேட்டரி இறங்காதும்மா என்று அவளிடம் யார் சொல்வது? நான் சொல்வதா? அவளுக்கே அது தெரிந்துதான் செய்தாளா? இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

பஸ் படத்தைத் திரையில் முன்பு இருந்த அதே மூலையில் வைத்தேன். பென்டிரைவைக் கவரில் போட்டேன். பிறகு போனை எடுத்தேன். ஒரு நம்பருக்கு நானாகப் பேசி எத்தனை நாள் ஆகிறது என்று உனக்கே தெரியும். இரண்டு முறை ரிங் போவதற்குள் கட் செய்தேன். மூன்றாவது முறை மாமா எடுத்துவிட்டார்.

"மாமா, நாளைக்கு வராதீங்க."

"யாரு? அட, நீயா? உனக்குப் பேச்சு வருமா?" சிரித்தார். "ஏன், சிஸ்டம் ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"இல்ல மாமா. நல்லா ஓடுது. குடுக்க வேணாம்னு இருக்கறேன். அவளுக்கு வேற ஒண்ணு நானே பாத்துத் தர்றேன்."

"உங்கம்மாவா சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"சரிம்மா" என்று மாமா வைத்துவிட்டார்.

அம்மா தழைக்கட்டோடு வந்தாள். கட்டைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் பார்க்கவில்லை. "எடுத்துட்டியா?" என்றும் கேட்கவில்லை.

நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாமா நாளைக்கு வரலம்மா. திங்கக்கெழமையில இருந்து எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு" என்றேன்.