பேதி உப்பும் பழைய சோறும்

1932, பங்குனி 7, ஞாயிறு

மெர்சிங்கில் படகேறி மீன் பிடித்துவிட்டுச் சாயங்காலம்தான் குளுவாங் தோட்டத்துக்குத் திரும்பினோம். வயிறு காலியாக இருந்தால் கடலில் வாந்தி வராது என்பது என் வீட்டுக்காரருடைய வைத்தியம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் அல்லவா? தலைவலி என்று வந்தவனுக்கும் பேதி உப்பைக் கரைத்துக் கொடுப்பவர். நேற்று எங்கள் இருவருக்கும் அதையே கரைத்தார். என் பங்கை வாழை மரத்துக்கு ஊற்றினேன். விடியற்காலையில் ஊறுகாயோடு பழைய சோறும் சாப்பிட்டேன்.

படகு கரையைத் தாண்டியதும் குனிந்தவர்தான், இவர் நிமிரவே இல்லை. படகுக்காரர் பாக் மான், தண்ணீரைப் பார்க்காதே என்று மலாயில் சொல்லித் தூரத்துத் தீவைக் காட்டினார். அதையே பார்த்துக்கொண்டு நான் நாலு மீன் பிடித்தேன்.

கரையேறியதும் இவர் சொல்கிறார்: "பாத்தியா, என் மருந்து உனக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. எனக்குத்தான் உப்பு கொஞ்சம் பத்தல."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அடுத்த வாரம் மூன்று சின்னப் பிள்ளைகளோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறும் தன் அண்ணனுக்கு இந்த வைத்தியத்தை எழுதிவிட்டார், என்னையே சாட்சியாக வைத்து.

கடிதத்தை ஒட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். அடியில் அண்ணன் மனைவிக்கு நான் எழுதினேன்: "அக்கா, அந்த உப்பை நான் குடிக்கவே இல்ல. சோறு தின்னுட்டுத்தான் படகு ஏறினேன். பிள்ளைங்களப் பட்டினி போடாதீங்க."

அண்ணன் படித்துவிட்டு இவருக்கே எழுதுவார். எழுதட்டும். கவரை ஒட்டியாகிவிட்டது.