வண்டியிடம் சொன்னது

ரெட்டிபாளையம்,
20.11.2024

அன்புப் பேத்தி பிரவீணாவுக்கு, அப்பத்தா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவும் சுகம். வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் அப்பன் சட்டைப் பையில் கிடப்பதால் கடிதம்தான் நமக்குத் தோது.

நீ வசனம் எழுதின படத்தைப் பார்த்துவிட்டேன். அரியலூரில் பார்த்தால் உன் அப்பன் வேலை பார்க்கிற சிமெண்ட் ஆலை ஆட்கள் அவனிடம் சொல்லிவிடுவார்கள் என்று, பக்கத்து வீட்டு லாவண்யாவோடு பஸ் ஏறிப் பெரம்பலூருக்கே போனேன். அந்தப் பையனும் பெண்ணும் கரும்பு ஜூஸ் கடையில் சண்டை போட்டுக்கொண்டே ஒரே டம்ளரில் கை வைக்கிற இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாளிடம், "இது என் பேத்தி எழுதுனது" என்றேன். "நெசமாவா? அப்ப அடுத்து என்ன நடக்கும், சொல்லுங்க" என்றாள். பெண் வீட்டை விட்டு ஓடிவிடுவாள் என்று சொல்லிவைத்தேன். ஓடவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை நம்பவில்லை.

பெண்ணின் அப்பா கோபம் வந்தால் மனுஷர் முகத்தைப் பார்க்காமல், தன் மோட்டார் வண்டியைத் துடைத்துக்கொண்டே வண்டியிடம் பேசுகிறாரே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. உன் அப்பன் பெரியசாமியை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாய். நீ டீச்சர் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்கு வசனம் எழுதக் கிளம்பிய அன்றைக்கும், "போறவங்க போகட்டும்னு சொல்லு" என்று வண்டியிடம்தானே சொன்னான். அதோடு ஒன்றரை வருஷமாக உன்னிடம் ஒரு பேச்சு இல்லை. படத்தில் அந்தப் பையன் வண்டி முன்னால் குத்தவைத்து, "வண்டியண்ணே, நீங்களாச்சும் மாமாகிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றதும் சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது.

கடைசியில் அந்த அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு, மகள் முகத்தைப் பார்த்து "சாப்டியாம்மா?" என்று கேட்கிறார். அது நம் வீட்டில் நடக்கவில்லையே. எங்கிருந்து எடுத்தாய்?

எல்லாரும் எழுந்து போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் திரையில் 'பெ. பிரவீணா' என்று வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நானே படித்துவிட்டேன். டிக்கெட்டைச் சாமி படச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

உன்னால் தலை நிமிர்ந்த அப்பத்தா,
கொளஞ்சியம்மாள்


சென்னை,
26.11.2024

அன்புள்ள அப்பத்தா,

உன் கடிதத்தை அறைத் தோழிகள் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். புரையேறிய இடத்தைப் படித்ததும் இங்கேயும் ஒருத்திக்குப் புரையேறியது.

ஆனால் பயமாக இருக்கிறது. அப்பாவைக் கிண்டல் பண்ண எழுதவில்லை. இங்கே வந்த புதிதில் காலையில் எழுந்ததும் அவர் வண்டியிடம் பேசுகிற அந்தக் குரல் கேட்காது. அதனால் எழுதினேன். அவர் பார்த்தால், ஊர் சிரிக்க வைத்துவிட்டாள் என்றுதான் நினைப்பார். அதற்கப்புறம் என்னைப் பற்றி வண்டியிடம்கூடப் பேச மாட்டார்.

முதலில் அந்த டிக்கெட்டை எடுத்துவிடு. கடைசிக் காட்சியை எங்கிருந்தும் எடுக்கவில்லை. ஆசைப்பட்டு எழுதியது.

உன்,
பிரவீணா


ரெட்டிபாளையம்,
8.12.2024

அன்புப் பேத்திக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே காரியம் கெட்டுவிட்டது. என் பெருமை என்னைக் கவிழ்த்துவிட்டது. விபூதி எடுக்கப் போன உன் அப்பன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டான். மறுநாள் காலை ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்கு வராமல் எங்கேயோ போனான். பொழுது சாயும் நேரத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். துணியை எடுத்தான். நானும் உன் அம்மாவும் வாசற்படியில் நின்று பார்த்தோம்.

கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு வண்டியிடம் கேட்டான். "ஏன்டா, நான் இப்படியா பேசறேன்?"

வண்டி என்ன சொல்லும்? வண்டிக்குப் பதிலாக உன் அம்மா பூங்காவனம் சொன்னாள். "இதைவிட மோசமா."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வண்டி முதல் முறையாக வாயைத் திறந்திருக்கிறது. இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று நினைத்தேன். அவன் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று கிட்டே போனால் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்து முடித்து, "கொட்டாயில அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. என்னமா எழுதியிருக்கா பாரு" என்றான். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "பேருக்கு முன்னால என் எழுத்தைப் போட்டிருக்கா." அதையும் வண்டியிடம்தான் சொன்னான், ஆனால் எங்களுக்குக் கேட்கிற மாதிரி.

நேற்று வண்டியின் பின் சீட்டு கிழிந்திருக்கிறது என்று அரியலூருக்குக் கொண்டுபோய்ப் புது உறை போட்டு வந்தான். "பொங்கலுக்கு ஸ்டேஷனுக்குப் போவணும், ஆள் ஏறி உக்காரணும்ல" என்று வண்டிக்கு விளக்கம். ஆகவே பொங்கலுக்கு முன்னால் ரயில் ஏறிவிடு.

இதை எழுதும்போது இரண்டு தரம் குறுக்கே நடந்தான். மூன்றாம் தரம் நின்று, "கீழ கொஞ்சம் எடம் விடும்மா" என்றான். விட்டிருக்கிறேன்.

அப்பத்தா,
கொளஞ்சியம்மாள்


பிரவீணா, சாப்டியாம்மா?
அப்பா