அப்பா மோந்து பார்த்த அறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் அது பொய். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

நீ வருகிறாய் என்று மாடி அறையை அப்பா தன் கையாலேயே புதுசாக்கினார் அல்லவா, சுவர் முழுக்க பிளைவுட் அலமாரி, பசை, பெயிண்ட், அதற்கு மேல் வார்னிஷ், புது மெத்தை. பேரனுக்குத் தூசி ஆகாது என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்து ஏசியும் மாட்டினார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் ஆச்சே, பாலிஷ் போட்ட சாமான் எதுவானாலும் அப்பா மூக்குதான் நீதிபதி. புது நாற்காலியில் நீ உட்காரப் போனால்கூட, அப்பா மோந்து பார்க்கட்டும் இருடி என்போம். இந்த அறையையும் அவர் மோந்து பார்த்து, "காஞ்சிடுச்சு, ஒரு வாசமும் இல்ல" என்றார். எனக்கோ உள்ளே போனதும் கண் எரிந்தது. சொன்னேன். பாலிஷ்காரனுக்கே பாடம் எடுக்கிறியா என்று எரிந்து விழுந்தார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் கைக்குழந்தை பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருவில் ரோடு போடுகிற தூசி, அதனால் பிள்ளையை நான்தான் மாடி அறையில் படுக்கப் போட்டேன், புது அறையில் ராணி மாதிரி தூங்கட்டும் என்றேன், என் வாயில் மண்ணைப் போட. இருமினாள். தூசிதான் என்று கதவையும் ஜன்னலையும் இன்னும் இறுக்கிச் சாத்தினோம். உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா வீட்டில் புதுசாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு, "பலகை, பசை, வார்னிஷ் எல்லாம் மாசக்கணக்கா காத்தைக் கெடுத்துட்டே இருக்கும். இதுக்கு ஏற்கெனவே நெஞ்சு இளசு. ஜன்னலையும் அடைச்சா அது எங்கம்மா போகும்?" என்றார். அப்போதுதான் அப்பா, "எனக்கு வாசம் தெரிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு டாக்டர்" என்றார். வார்னிஷிலேயே கிடந்து மூக்கு செத்துப்போயிருக்கிறது. தெரிந்தால் பட்டறையில் யார் வைத்துக்கொள்வார்கள் என்று என்னிடம்கூட மூச்சு விடவில்லை. பால் கருகினாலும் பேப்பரிலிருந்து தலை தூக்காத பெரிய மனுஷன் என்று நாம் எத்தனை கேலி செய்திருப்போம்.

பட்டாணி பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு தெரிகிறது, மருந்தை முகமூடி வைத்துத்தான் கொடுக்கிறார்கள். மருமகள் அவளைத் தன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இந்த வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன் அத்தை என்றாள். பெற்றவள் வேறென்ன சொல்வாள்?

அப்பா ஜன்னலையெல்லாம் பெயர்த்துத் திறந்துவிட்டார். தினமும் காலையில் என்னை மாடிக்குக் கூட்டிப்போய், "வாசம் போயிடுச்சா பாரு" என்கிறார். இன்னும் போகவில்லை என்று நான் சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்குவதில்லை, ஆளே பாதியாகிவிட்டார். நேற்று மனசு கேட்காமல் போயிடுச்சுங்க என்று சொல்லித் தொலைத்தேன். போகவில்லை. அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். இன்று உன் பிள்ளைக்கு அந்த அறையிலேயே தொட்டில் கட்டக் கொக்கி அடித்துக்கொண்டிருக்கிறார், சுத்தியல் சத்தம் கேட்கிறது.

அதனால் இப்போது வராதே, கண்ணு. கீழே படுத்துக்கொள்ளலாமே என்பாய், கீழே படுத்தால் நான் சொன்னது பொய் என்று அவருக்குப் புரிந்துவிடும். லீவு கிடைக்கவில்லை என்று நீயே சொல்லிவிடு. அங்கே புது சோபா வாங்கினாயே, குளிர் என்று வீட்டை அடைத்து வைக்காதே, ஜன்னலைத் திற.

சத்தம் நின்றுவிட்டது, மாடியிலிருந்து கூப்பிடுகிறார். இன்னொரு தடவை மோந்து பார்க்க வேண்டுமாம். பேரன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு வளரட்டும், நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன்னைப் பார்க்கத் தவிக்கும்,
அம்மா