உப்புத்தூளில் ஓர் எட்டு

செவ்வாய், இரவு.

இந்திய ரோலர் ஸ்கேட்டிங் அணிக்கு மெர்சியை எடுத்துவிட்டோம். அவளுடைய வலது கால் மாவுக்கட்டில் இருக்கிறது. தேர்வுப் போட்டியில் ஜெயித்தவள் செல்வி. "போன வருசம் மெர்சி ஆடுன ஆட்டம் போதும்" என்று தேர்வுக் குழுவில் வாதாடியது நான்தான்.

சாயங்காலம் செல்வியோடு போய் ஸ்கேட்டிங் தளத்தின் பூட்டைத் திறந்தேன். காலையில் நானே பெருக்கிப் பூட்டியது. உப்பளக் காற்றில் வந்த தூள் மறுபடி படிந்திருந்தது. அதன்மேல் சக்கரம் போட்ட புது எட்டு. ஒற்றைக் காலில், வலது காலில் போட்டது. வளைவில் அப்படி உள்ளே சாய்வது மெர்சி மட்டும்தான்.

அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். "கட்டில்மேலதான் படுத்திருக்கா மேடம்" என்றார் அவள் அம்மா.

செல்வி தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே நின்றாள்.

"போன வருச ஆட்டத்தத்தான எடுத்திய, மேடம்? அதான் வந்து ஆடிட்டுப் போயிருக்கு."