உன் தங்கமீன்களைத் தின்ற ஃபஹாகா

சஃபினாஸ்,

சந்தையில் பாவமென்று வாங்கிவந்து உன் தொட்டியில் நான் விட்ட மீன்குஞ்சு, நைல் நதியின் ஃபஹாகா என்ற பேத்தை மீனாம். நான் காட்டிய படத்தைப் பார்த்ததுமே மீன்கடைக்காரர், "பாஷா, எந்த மடையன் இத தங்கமீனோட விட்டான்?" என்றார். "உங்க முன்னாலதான் நிக்கிறான்" என்றேன்.

மதியம் நத்தையை ஓட்டோடு போடு. ஓட்டைக் கடிக்காவிட்டால் பல் வளர்ந்து வாயை அடைத்துவிடுமாம். விரலை நீட்டாதே. தின்றபின் ஓட்டுத்தூளைச் சளியோடு துப்பும். சீ, காலையில் எனக்கு டீயே இறங்கவில்லை. நத்தைக் கிண்ணம் குளிர்பெட்டியில் இருக்கிறது. அந்த நாற்றத்துக்கு, ஷம் அல்-நசீம் பண்டிகைக்கு நீ வாங்கிவைத்த ஃபசீக் கருவாடு அத்தர்.

"அந்தப் பிசாசா, நானா?" என்று கேட்டாயே, நீதான். மாலையில் ஆற்றில் விட்டுவிடுகிறேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அதுவரை யாரையாவது பட்டினி போடுவதென்றால் என்னைப் போடு.

வக்தி