வேன் முடியட்டும் என்றீர்களாம்

என் பாசமுள்ள வதனி மச்சாளுக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதும் ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரே வீட்டில் இருந்த நாத்தனாருக்கு எதைக் கடிதமாக எழுதுவது? சொல்ல வேண்டியதைக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்லிவிடுவோம். நமக்குள் சொல்லாமல் விட்டது ஒன்றும் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். இப்போது அது சரியா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. உங்கள் வேன் வேலை முடிந்துவிட்டது. போன பள்ளி விடுமுறைக்கு அதில் கடற்கரைப் பக்கம் போய்வந்தோம். எங்களோடு யார் வந்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், எனக்குப் புரியாமல் போனவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

நீங்கள் அந்த வேனைக் கொண்டுவந்து வெரிபீ வீட்டு வாசலில் நிறுத்திய நாள் நினைவிருக்கிறதா? வீடுவீடாகப் போய்க் கம்பளம் கழுவுகிற ஒருவரிடம் மலிவாக வாங்கினீர்கள். பக்கத்தில் எழுத்துகளைச் சுரண்டிய தடம் இருந்தது. உள்ளே ஏறினால் நனைந்த நாயின் மணம். உங்கள் தம்பி, என்னுடைய ரூபன், கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, உங்களுக்கு என்ன விசரே?"

"மோட்டலுக்குக் கொட்டுற காசுக்கு இதுக்குள்ளேயே படுக்கலாம். குடும்பமாப் போவம்," என்றீர்கள்.

குடும்பமாக என்று நீங்கள் சொன்னபோது யாரை நினைத்துச் சொன்னீர்கள் மச்சாள்? அன்று எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. ரூபன், நான், எங்கள் பிள்ளைகள் அபிராவும் சின்னவளும், நீங்கள். வேறு யார் இருந்தோம்?

ஊர்சுற்றாத ஆள் நீங்கள். கிழமை நாட்களில் ரயிலேறி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கி அடுக்குகிற வேலை. சனி ஞாயிறில் சமையலும் துணி துவைப்பும். ஐம்பத்து நாலு வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்று இருந்தீர்கள். அந்த நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு சக்கரத்து மேலே பிடித்திருந்த துருவைத் தேய்த்ததையும், கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சுவருக்குப் பஞ்சு அடைத்து பிளைவூட் அறைந்ததையும், தெருவில் யாரோ எறிந்த கட்டிலின் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்ததையும் நாங்கள் யன்னலால் பார்த்துச் சிரித்தோம். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு உதவிக்கு வந்தோம்.

கட்டிலை முதலில் குறுக்கேதான் போட்டீர்கள். நம் வீட்டில் ஒருவரும் உயரம் இல்லை, குறுக்கே போட்டால் காலும் தலையும் அடங்கும், முன்னால் அடுப்புக்கும் பிள்ளைகளின் தட்டுக் கட்டிலுக்கும் இடம் மிஞ்சும் என்று நீங்களே கணக்குச் சொன்னீர்கள். பிறகு ஒரு நாள் நான் வேலையால் வந்து பார்த்தால், கட்டில் நீளவாக்கில் இருந்தது. குசினிக்கு வைத்திருந்த இடத்தில் பாதி போய்விட்டது.

"ஏன் மச்சாள் மாத்தினனீங்கள்?"

"காலை நீட்டிப் படுக்க வேணும்."

உங்கள் உயரத்துக்கு அந்தக் கட்டிலில் இரண்டு முறை காலை நீட்டலாம். அதையும் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தீர்கள்.

மாசியில், இந்த நாட்டுக் கோடை முடிகிற நேரத்தில், வேலைத்தலத்தில் மயங்கி விழுந்தீர்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்தது என்றார்கள். அதன்பிறகு நீங்கள் கண் திறக்கவில்லை. எதையும் சொல்லவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்ததும் ரூபன் வேனை விற்கவேண்டும் என்றார். காலையில் வேலைக்குப் போகும்போது அதைப் பாராமல் இருக்க, பக்கத்துக் கதவால் வெளியே போகத் தொடங்கினார். அபிராதான் விடவில்லை. "மாமி ஸ்டார்ட் பண்ணினதை ஃபினிஷ் பண்ணணும்," என்று ஒரே பிடி. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது. நானே செய்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை வேனுக்குள் முழங்காலில் இருந்து கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி குறுக்கே போட்டுவிட்டால் குசினி இடம் திரும்பிக் கிடைக்குமே என்ற எண்ணம். பின்கதவுப் பக்கம் வெளிச்சம் மறைந்தது. திரும்பிப் பார்த்தேன். மிக உயரமான ஒரு மனிதர், அறுபதுக்குக் கிட்ட இருக்கும், கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"வதனி இருந்த வீடு இதுதானா?"

"ஓம். நீங்கள் ஆர்?"

"என் பேர் தனபால். ட்ரெயின்ல அவங்களோட பழக்கம். வேன் கூரைக்கு ஒரு ஃபேன் வேணும்னு சொல்லியிருந்தாங்க. வாங்கி வச்சிருந்தேன்."

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊராம். உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மனைவி இறந்து பல வருடம், மகன் சிட்னியில் செவன் ஹில்ஸில் இருக்கிறான். இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னார். கதிரையின் நுனியில் இருந்தபடி, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா ஒரே பெட்டியிலதான் போவோம். பேசிப் பேசிப் பழகிட்டோம். பொங்கல் கழிஞ்சு ஒருநாள் கேட்டுட்டேன், மிச்ச காலத்துக்குச் சேர்ந்து இருக்கலாமான்னு. மாட்டேன்னு சொல்லலை. 'வேன் முடியட்டும், சொல்லுறன்' அப்படின்னாங்க. அதுக்கு அடுத்த வாரத்துலேருந்து ட்ரெயின்ல ஆளைக் காணோம்."

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று விளங்கிவிட்டது.

"கேட்டது பிடிக்கலைபோல, வேற ட்ரெயின்ல போறாங்கன்னு நெனச்சேன். போன் பண்ணித் தொல்லை குடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். போன மாசம் மளிகைக் கடைக்குப் போனேன். சுவத்துல அவங்க படம் ஒட்டியிருந்துச்சு. முப்பத்தோராம் நாள்னு போட்டிருந்துச்சு. பழைய நோட்டீஸ். வீட்டு அட்ரஸும் அதுலதான் இருந்துச்சு."

நீங்கள் வராமல் போனதையே உங்கள் பதில் என்று எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் அத்தனை நாளும் தனியே ரயிலில் போய்வந்திருக்கிறார். நாங்கள் உங்களுக்குப் பூப்போட்ட நேரத்தில் அவர் எந்தக் கட்டடத்து லிஃப்டுக்குள் நின்றாரோ.

பிறகுதான் வந்த விஷயத்தைக் கேட்டார். "வீட்ல உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருந்தாங்களா? என்ன முடிவு பண்ணியிருந்தாங்கன்னு?"

மச்சாள், அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே "இல்லை" என்பதுதான் உண்மை. ஆனால் அந்த "இல்லை" அவர் காதில் உங்கள் பதிலாக விழுந்துவிடும். "ஓம்" என்று சொல்லியிருந்தால் அந்த முகம் எப்படி மாறியிருக்கும் என்றும் நினைத்தேன். நான் யார் உங்களுக்காக ஓம் சொல்ல?

"தெரியேல்லை அண்ணா. என்னட்ட ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். அவரை அண்ணா என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டுத்தான் அறிந்தேன்.

வேனைப் பார்க்கலாமா என்று கேட்டார். பாதி கழன்ற கட்டிலைக் கண்டு, ஏன் கழற்றுகிறீர்கள் என்றார். எங்களுக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை, குறுக்கே போட்டால் இடம் மிஞ்சும் என்றேன். அவர் சட்டத்தில் கைவைத்தபடி நின்றார்.

"குறுக்க போட்டா எனக்குக் காலு மடங்குமேன்னு ஒருநாள் விளையாட்டாச் சொன்னேன்," என்றார். பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கட்டிலை நீங்கள் எப்போது திருப்பினீர்கள் என்று எங்களுக்குள் வழக்கு. பள்ளி விடுமுறை தொடங்கும் முன்னமே, மார்கழியில் நத்தாருக்கு முதல் என்று அபிரா சத்தியம் செய்கிறாள். பொங்கல் கழிந்து, கொளுத்துகிற வெயிலில் தானே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதாக ரூபன் சொல்கிறார். எனக்கு வேலையால் வந்து பார்த்த கணம் மட்டும்தான் நினைவு, மாதம் நினைவில்லை. பொங்கலுக்குப் பிறகு என்றால் அவர் கேட்டதற்கு அது உங்கள் பதிலா? முன்னமே என்றால், அவர் கேட்க முதலே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்களா? அல்லது உயரமான ஒரு சிநேகிதர் என்றாவது வந்தால் வசதியாகப் படுக்கட்டும் என்ற வெறும் பண்பா? உங்களுக்கு அதுவும் முடியும்.

ரூபனுக்குக் கோபம். தனபால் அண்ணா யார் என்பதில் இல்லை. "அக்கா என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் தடுப்பன் எண்டு நினைச்சாவோ, சிரிப்பன் எண்டு நினைச்சாவோ?" என்று என்னிடம் கேட்டார். அடுத்த ஞாயிறு வேனுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நான் கழற்றிய திருகாணிகளை அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "அந்த மனுசனைக் கூப்பிடும். ஃபேனைப் பூட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்," என்றார்.

கூரையில் ஓட்டை வெட்டிய நாள் பெரும்பாடு. வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. ரூபனும் தனபால் அண்ணாவும் ஏணியில் நின்று அளந்தார்கள், அழித்தார்கள், மறுபடி அளந்தார்கள். "நீங்க வெட்டுங்க." "இல்லை, நீங்கள் வெட்டுங்கோ." கடைசியில் தனபால் அண்ணா வெட்ட, கீழே உள்ளுக்குள் நின்று தகட்டுத் துண்டு விழாமல் ரூபன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நாள் முழுக்க உங்கள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அளவு, பசை, மழை ஒழுகுமா ஒழுகாதா. இது பகையா சிநேகமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பயணத்துக்கு அவரைக் கூப்பிட்டதும் ரூபன்தான். நேராகக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. "வேனில மூண்டு பேருக்குத்தான் சீட். எங்கட கார் சர்வீஸ் செய்யேல்லை. ஆராவது காரோட வந்தால் நல்லது," என்றார். கார் நன்றாகத்தான் இருந்தது. தனபால் அண்ணா புரிந்துகொண்டாரோ என்னவோ, "என் கார் இருக்கே," என்றார்.

அபிரா அவருடைய காரில் ஏறிக்கொண்டாள். அந்த மூன்று மணி நேரப் பயணத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால், "இட்ஸ் பிரைவேட், அம்மா," என்கிறாள். எனக்குத் தெரியாத ஒரு வதனி மச்சாள் இப்போது என் மகளிடம் இருக்கிறார்.

அவர் வேனுக்குள் படுக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கொண்டுவந்த சின்னக் கூடாரத்தைக் கொஞ்சம் தள்ளி அடித்துக்கொண்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை. அது மரியாதையா, வலியா, இரண்டுமா? அந்தப் பெரிய கட்டிலில் நானும் ரூபனும் சின்னவளும் படுத்தோம். எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ரூபன் பின்கதவைத் திறந்து வைத்து அடுப்பில் தண்ணீர் கொதிக்கவிட்டார். தனபால் அண்ணா கூடாரத்துக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி, குடை இல்லாமல் நின்றார். ரூபன் கோப்பைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் சீனி போட்டார். பிறகு தலையை நீட்டி, வீட்டில் ஒருவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்:

"அத்தான், தேத்தண்ணி ஆறப்போகுது. வாங்கோ."

அத்தான். அக்காவின் புருஷனுக்குச் சொல்கிற சொல். தூத்துக்குடியிலும் அப்படித்தானாம், அண்ணா பிறகு என்னிடம் சொன்னார். அந்த நேரம் அவர் உடனே வரவில்லை. அங்கேயே நின்று முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். மழையைத்தான் துடைத்தாரோ, தெரியாது. பிறகு வந்து, வேனின் படியில் ரூபனுக்குப் பக்கத்தில் இருந்து, கோப்பையை வாங்கிக்கொண்டார். ரூபன் தெரிந்து சொன்னாரா, வாய் தவறியதா? நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரூபன் அவரை வேறு எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை.

மச்சாள், உங்கள் பதில் என்ன என்பது எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்காகச் சொல்கிறேன். அவரைத் தேற்றுவதற்காகக்கூட உங்கள் பெயரில் நான் ஒரு பதிலை இட்டுக்கட்டிச் சொல்லமாட்டேன். அந்தப் பதில் உங்களுடையது. அவரைத் தனியே விடவும் மாட்டேன். வருகிற பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

என்றும் உங்கள் தம்பி பெண்சாதி, உங்கள் மச்சாள்,
சுகந்தி