தரை அடங்கும் நேரம்

செவ்வாய்க்கிழமை இரவு

என் ஆராய்ச்சிக்காகத் தறிக்கூடத் தரையில் அதிர்வுமானி வைத்து இன்றோடு மூன்று வாரம். அளவு தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. கருவி பழுது என்று முடிவுகட்டி, எல்லா அளவையும் அழித்துவிட மடிக்கணினியைத் திறந்தேன்.

அப்போது தறி ஓட்டும் செல்வி, தன் தறியை நிறுத்திவிட்டு அறுந்த இழையைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றாள். ஏன் முடிச்சுப் போடவில்லை என்று கேட்டேன்.

“பக்கத்துத் தறி ரெண்டும் சேந்து அடிக்கு மேடம், தரை ஆடுது. கொஞ்ச நேரத்துல ஒண்ணு பிந்திரும், ஆட்டம் அடங்கிரும். அப்பதான் முடிச்சுப் போடுவேன்.”

திரையைப் பார்த்தேன். கோடு இறங்கியது. அவள் விரல்கள் முடிச்சைப் போட்டு முடித்தன. கோடு மறுபடி ஏறியது.

வேகம் சற்றே வேறுபட்ட இரண்டு அதிர்வுகள் சேர்ந்தால் இப்படித்தான் ஏறி இறங்கும். இதை விம்மல் என்று இயற்பியல் வகுப்பில் வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். இவளோ அது அடங்கும் இடைவெளியில் இழை முடிகிறாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்குக் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

மூன்று வாரமும் நான் தடித்த ஷூ போட்டு நின்றிருக்கிறேன்.